வரி 217

போன நவம்பரில் ஒரு ராத்திரி, என் எடிட்டர் ஒரு ஃபைலைச் சேமிக்க நாலு செகண்ட் எடுத்துக்கொண்டது.

நாலு செகண்டில் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றலாம். விம் பழகிய கைக்கு அது பெரிய நேரம். எஸ்கேப், கோலன், டபிள்யூ, என்டர். இந்த நான்கும் நான் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. ஒரு வரி எழுதினால் சேமிப்பேன், எழுதாவிட்டாலும் சேமிப்பேன், போனில் பேசிக்கொண்டே சேமிப்பேன். சிலர் நகம் கடிப்பதைப் போல. ஒவ்வொரு தடவையும் திரை உறைந்து நின்றால், சாப்பிடும்போது வாய்க்கு வாய் கல் கடிபடுவது மாதிரிதான்.

முதலில் வழக்கமான சந்தேகங்கள். லேப்டாப்புக்கு வயசாகிவிட்டது. ஆபீஸ் ஆன்டிவைரஸ் குறுக்கே நிற்கிறது. திறந்திருக்கும் ஃபைல் பெரியது, தொண்ணூறாயிரம் வரி டெஸ்ட் டேட்டா. அதே ஃபைலை வேறொரு எடிட்டரில் திறந்து சேமித்தேன். கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. லேப்டாப் தப்பித்தது, ஆன்டிவைரஸும் தப்பித்தது.

விம்மில் நம்முடைய அமைப்புகள் எதையும் படிக்காமல் அதைத் திறக்க ஒரு வழி உண்டு. கமாண்டுக்குப் பின்னால் இரண்டு கோடு போட்டு 'கிளீன்' என்று எழுத வேண்டும். எழுதினேன். எந்த அலங்காரமும் இல்லாத, எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு விம் திறந்துகொண்டது. சேமித்தேன். உடனே முடிந்தது. அப்படியானால் குற்றவாளி வீட்டுக்குள்தான் இருக்கிறான்.

வீடு என்றால் விம்-ஆர்சி. புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட, சாதாரணமாகப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபைல். விம் திறக்கும்போதெல்லாம் மேலிருந்து கீழே வரி வரியாக அதைப் படித்து, அதில் சொன்னபடி தன்னை மாற்றிக்கொள்ளும். என்னுடையது அன்றைக்கு 430 வரிகள். கல்லூரி மூன்றாம் வருஷத்தில் ஏழு வரியில் தொடங்கியது.

இந்த மாதிரித் தேடலுக்கு எல்லாரும் செய்வது ஒன்றுதான்: பாதியாக வெட்டுவது. நடுவில் 'ஃபினிஷ்' என்று ஒரு சொல்லை எழுதினால் விம் அதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளும். பிழை இன்னும் இருந்தால் அது மேல் பாதியில். இல்லையென்றால் கீழ்ப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதி. 430 வரிகளுக்கு அதிகபட்சம் ஒன்பது சுற்று. பத்து நிமிஷ வேலை என்று உட்கார்ந்தேன்.

மேல் பாதி மட்டும் ஓடியது. வேகமாக இருந்தது. கீழ்ப் பாதி மட்டும் ஓடியது. அதுவும் வேகமாக இருந்தது.

இரண்டு பாதியும் நிரபராதி. சேர்ந்தால் மட்டும் குற்றவாளியா? இரண்டு அமைப்புகள் ஒன்றோடொன்று மோதினால் அப்படி நடப்பது உண்டு. சரி, முழுசையும் ஒரு தடவை படித்துவிடலாம் என்று முதல் வரிக்குப் போனேன்.

*

சொந்த விம்-ஆர்சியைப் படிப்பது பழைய டைரியைப் படிப்பதை விடக் கூச்சமான காரியம். டைரியில் கொஞ்சமாவது நடிப்போம்.

மேலே முதல் நான்கு வரிகள் அம்புக்குறி விசைகளைச் செயலிழக்கச் செய்பவை. கல்லூரி லேபில் எழுதியது. விம்மில் எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு எழுத்துகளால்தான் நகர வேண்டும் என்று வைராக்கியம். அதற்குப் பின்னால் பெரிய தத்துவம் இருக்கிறது என்று அப்போது நம்பினேன். 1976 வாக்கில் பில் ஜாய் விஐ எழுதியபோது அவர் முன்னால் இருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அந்த நான்கு எழுத்துகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிட்டிருந்தன, அவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. வரிகளை மட்டும் எடுக்கவில்லை.

அதற்குக் கீழே, சேமிப்பதற்கு ஒரு குறுக்குவழி விசை. பக்கத்தில் விளக்கம் எதுவும் இல்லை. ஏனென்றால் ஒருமுறை விளக்கம் எழுதிப் பட்டுக்கொண்டேன். விம் ஸ்கிரிப்டில் இரட்டை மேற்கோள் குறி போட்டால் அதற்குப் பின்னால் வருவது குறிப்பு. ஆனால் விசைகளை ஒதுக்கும் வரியில் மட்டும் அந்த விதி செல்லாது. குறிப்பு என்று நான் நினைத்து எழுதியதை, நான் அழுத்தச் சொன்ன விசைகள் என்று விம் எடுத்துக்கொண்டு வரிசையாக அழுத்திக்கொண்டிருந்தது. சேமித்த மறுகணம் எங்கோ ஒரு எழுத்து அழியும், கர்சர் எங்கோ போய் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்குப் போனது.

நூறாவது வரியை ஒட்டித் தமிழுக்கான கீமேப். விண்டோஸிலோ லினக்ஸிலோ கீபோர்டைத் தமிழுக்கு மாற்றிவிட்டு விம்மில் கட்டுரை எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். எழுதும்வரை சரி. எழுதி முடித்து எஸ்கேப் அழுத்திவிட்டு ஜே அழுத்தினால் கர்சர் கீழே இறங்காது. தமிழ் எழுத்து ஒன்று போய் முட்டிக்கொண்டு நிற்கும், விம்முக்கு அது என்னவென்றே புரியாது. மாற்றத்தை விம்முக்குள்ளேயே வைத்துக்கொண்டால் எழுதும் நிலையில் மட்டும் தமிழ், கட்டளை நிலையில் ஆங்கிலம். என் முதல் கட்டுரையை அந்த வரியை வைத்துத்தான் எழுதினேன்.

இப்படிப் படித்துக்கொண்டே போனதில் மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. பிழை கிடைக்கவில்லை. கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். எதையும் வெட்டாமல், முழு 430 வரியோடு, புது விண்டோவில் விம்மைத் திறந்தேன். அதே ஃபைல். சேமித்தேன்.

வேகமாக இருந்தது.

அதே அமைப்பு, அதே ஃபைல். புது விண்டோவில் வேகம், பழைய விண்டோவில் நாலு செகண்ட். பழைய விண்டோ பத்தொன்பது நாளாகத் திறந்தே இருந்தது. பிழை ஒரு வரிக்குள் இல்லை. அந்தப் பத்தொன்பது நாளுக்குள் இருந்தது.

பழைய விண்டோவுக்குத் திரும்பி, விம்மிடமே கேட்டேன். சேமிப்பதற்கு முன்னால் என்னென்ன செய்கிறாய், ஒவ்வொன்றையும் யார் சொல்லிச் செய்கிறாய்? 'வெர்போஸ்' என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்டால், எந்த ஃபைலின் எந்த வரி சொன்னது என்பதையும் அது சொல்லும். பதில் திரையை நிரப்பிக் கீழே ஓடியது. ஒரே கட்டளை, முப்பத்து நான்கு தடவை. பழைய பதிவுகள் வரி 203 என்றன. அப்புறம் 205, 211. கடைசியாக வரி 217.

காரணம் அற்பமானது. அந்தப் பத்தொன்பது நாளும் விம்-ஆர்சியில் எதையாவது நோண்டிக்கொண்டே இருந்தேன். நோண்டும்போதெல்லாம் ஃபைலை மறுபடி படிக்கச் சொல்வேன். மற்ற அமைப்புகளுக்கு அதனால் கேடில்லை. டேப் அளவு நாலு என்று முப்பது தடவை சொன்னாலும் நாலுதான். தானியங்கிக் கட்டளை அப்படி இல்லை. 'சேமிக்கும் முன் இதைச் செய்' என்று ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் விம் அதைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும். வெளியே போய் வரும்போதெல்லாம் வாசலில் ஒரு வாட்ச்மேனை நிறுத்திவிட்டு, முன்பு நிறுத்தியவரை வீட்டுக்கு அனுப்ப மறந்துவிடுவது மாதிரி. முப்பத்து நாலு வாட்ச்மேன்கள் தொண்ணூறாயிரம் வரியையும் ஒருவர் பின் ஒருவராகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

ஃபைலை இரண்டு முறை படித்தால் தானியங்கிக் கட்டளைகள் இரண்டாகிவிடும் என்று விம்மின் உதவிப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. தீர்வும் அங்கேயே இருக்கிறது. கட்டளையை ஒரு குழுவுக்குள் வைத்து, ஆச்சரியக்குறி போட்டு அந்தக் குழுவை முதலில் காலி செய்துவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். மூன்று வரி கூடுதல். எழுதினேன், சரியானது. படுக்கப் போயிருக்கலாம்.

போகவில்லை. வரி 217 என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஃபைலாக இருந்தாலும், சேமிக்கும் முன், எல்லா வரிகளின் கடைசியிலும் இருக்கும் வெற்றிடத்தை அழித்துவிடு. 'எந்த ஃபைலாக இருந்தாலும்' என்பதற்கு ஒரே ஒரு நட்சத்திரக் குறி.

*

அந்த வரி இருப்பது எனக்குத் தெரியாதது இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இணையத்தில் யாரோ ஒருவருடைய விம்-ஆர்சியிலிருந்து எடுத்தது. வரியின் கடைசியில் தொங்கும் ஸ்பேஸ் யாருக்கும் பயன்படாது, கண்ணுக்கும் தெரியாது. அதை அழிப்பது சுத்தம். நல்ல வரி என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

நான் வேலை பார்க்கும் பில்லிங் மாட்யூலைப் பெரும்பாலும் எழுதியவர் ஒரு அண்ணன். ஆபீஸில் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் ப்ரோ என்று கூப்பிட்டுக்கொண்டாலும், அவர் மதுரைப் பக்கம் என்பதால் எல்லாருக்கும் 'அண்ணே'. அவர் விம் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். "உள்ள போனா வெளிய வர்றதுக்கே ஒரு டிகிரி வேணும்டா" என்பார்.

பொறியியல் படிக்கும் முன்பே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பார், சத்தமாக அடிப்பார். ஜாவாவில் பெரும்பாலான கூற்றுகள் செமிகோலனில் முடியும். அவர் செமிகோலன் போட்டதும் கட்டைவிரல் தானாகவே ஒரு ஸ்பேஸ் தட்டும், அப்புறம்தான் என்டர். அவர் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் இருந்தது.

2016ல் நான் அவருக்கு அனுப்பிய முதல் ரிவ்யூ நினைவிருக்கிறது. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டா தம்பி, ரெண்டு வரி மாத்துனேன்னு சொன்ன. இங்க திருவிழா மாதிரி பூராம் சிவப்பும் பச்சையுமா இருக்கு?"

"ஸ்பேஸ்தாண்ணே. என் எடிட்டர் க்ளீன் பண்ணிருது. அந்த டிக் போட்டீங்கன்னா அதெல்லாம் மறைஞ்சிரும்."

ரிவ்யூ பார்க்கும் பக்கத்தில் வெற்றிட மாற்றங்களை மறைக்க ஒரு பெட்டி இருந்தது. அவர் டிக் போட்டார். திருவிழா கலைந்து இரண்டு வரி மட்டும் மிஞ்சியது. "அட" என்றார். பிறகு டீமில் எல்லாரும் டிக் போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் யாருக்கும் அது தெரியவில்லை.

கிட்டுக்கு அந்த டிக் தெரியாது. ஒரு வரியில் ஒரு ஸ்பேஸ் போனாலும் அது அதற்குப் புது வரி. புது வரியை எழுதியவர் கடைசியாகச் சேமித்தவர். 'பிளேம்' என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைக் காட்டும். பழி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிட்டுக்கு முந்தைய சப்வெர்ஷனில் அதே கமாண்டுக்கு 'பிரெய்ஸ்' என்றும் ஒரு மாற்றுப்பெயர் உண்டு. பழி என்று கேட்டாலும் பாராட்டு என்று கேட்டாலும் வருவது அதே பட்டியல்.

2023 ஜனவரியில் எங்கள் ஆபீஸில் ஒரு ஷீட் சுற்றி வந்தது. எந்த மாட்யூல் யாருக்குத் தெரியும் என்று மேலிடத்துக்கு வேண்டியிருந்தது. யாரோ ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, பிளேமை ஓட்டி, ஆளுக்கு எத்தனை வரி என்று எண்ணி நிரப்பியிருந்தார்கள். காலத்தின் தலைப்பு 'ஓனர்'. பில்லிங்கின் முக்கியமான ஃபைலுக்கு நேராக முதலில் என் பெயர். 468 வரி. அதற்குக் கீழே அண்ணன். 301.

நான் அந்த ஷீட்டைப் பார்த்தேன். எண் ஜாஸ்தியாக இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஃபைலில் நான் எழுதியது ஐம்பது வரி இருந்தால் அதிகம். 'ஏழு வருஷம் ஆச்சே, சேர்ந்திருக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டேபைச் சாத்தினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டார்கள். மதியம் அவர் மேஜை காலி. நான் இருந்தேன்.

அந்த எண்தான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அவருடைய சம்பளம் என்னுடையதைவிட அதிகம், வயசும் அதிகம். அதுகூடப் போதுமான காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த எண் காரணமே இல்லை என்று சொல்லவும் என்னிடம் எதுவும் இல்லை.

நாலு செகண்டுக்காக ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து, ஆன்டிவைரஸ் முதல் கல்லூரி லேப் வரை எல்லாவற்றையும் குறுக்கு விசாரணை செய்தவன் நான். என் பெயருக்கு நேராக 468 என்று ஒரு தப்பான எண் நின்றபோது அது ஏன் என்று ஒரு கமாண்ட்கூட அடித்துப் பார்க்கவில்லை. அடித்திருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். வரி 217ல் இரண்டு பிழைகள் இருந்தன. ஒன்று எனக்கு வலித்தது, அன்றைக்கே தேடிப் பிடித்தேன். இன்னொன்று ஏழு வருஷமாக எனக்குச் சாதகமாக ஓடிக்கொண்டிருந்தது.

*

மறுநாள் ஆபீஸில் அந்தக் கமாண்டை அடித்தேன். பிளேமுக்குப் பின்னால் ஒரு கோடு, ஒரு டபிள்யூ. வெற்றிட மாற்றங்களைக் கணக்கில் கொள்ளாதே என்று பொருள். திரையின் இடப்பக்கம் என் பெயர் வரிசையாக நின்ற இடங்களில் அவர் பெயர் வந்தது. கீழே போகப் போக அவர்தான். எனக்கு 41. அவருக்கு 703.

சாயங்காலம் போன் செய்தேன். எட்டு மாசம் பேசாமல் இருந்துவிட்டு.

"சொல்றா. உயிரோட இருக்கியா?"

ஸ்பேஸ் கதையைச் சொன்னேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்ஸ்டிட்யூட்ல அடிச்சுப் பழக்குனதுடா. கமான்னா ஒரு ஸ்பேஸ், முற்றுப்புள்ளின்னா ரெண்டு. விட்டுப்போச்சுன்னா மாஸ்டர் ஸ்கேலால விரல்லயே போடுவாரு. செமிகோலனுக்கும் கை அப்படியே போயிரும்."

பிறகு ஷீட்டைப் பற்றிச் சொன்னேன். 468ஐயும் 301ஐயும் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. ஏதோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

"அந்த ஷீட்ட நீ அப்பவே பாத்தியாடா?"

"பாத்தேண்ணே."

"நம்பர் தப்புன்னு தெரிஞ்சுதா?"

"ஜாஸ்தியா இருக்கேன்னு தோணுச்சுண்ணே. கேக்கல."

மறுபடியும் பஸ். அவர் எங்கேயோ ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார்.

"சரி விடு" என்றார். கொஞ்சம் கழித்து, "உன் எடத்துல நான் இருந்திருந்தா கேட்டிருப்பனான்னு தெரியல" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "சாப்டியா?" என்றார்.

மன்னிப்பு என்ற சொல்லைத் தயார் செய்து வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். 'சாப்டியா'வுக்குப் பதிலாக அதைச் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

வைத்துவிட்டு, எதையும் திறக்காமல் வெறுமனே விம் என்று அடித்தேன். ஃபைல் பெயர் கொடுக்காவிட்டால் அது ஒரு வரவேற்புப் பக்கம் காட்டும். விம்மை எழுதிய பிராம் மூலனாரின் பெயர் அதில் இருக்கும். கூடவே, உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி. விம்முக்கு அவர் யாரிடமும் விலை கேட்கவில்லை. தர விரும்பினால் அங்கே தாருங்கள் என்றார். 1991ல் முதல் பதிப்பை வெளியிட்டதிலிருந்து அவர்தான் அதைப் பராமரித்து வந்தார். 2023 ஆகஸ்ட் 3 அன்று இறந்துபோனார், 62 வயதில். அடுத்த ஜனவரியில் வந்த 9.1 பதிப்பை அவருக்கே அர்ப்பணித்தார்கள். இன்றைக்கு அதைப் பராமரிப்பவர்கள் வேறு ஆட்கள். எத்தனையோ வரிகள் மாறியிருக்கும். முதல் பக்கத்தில் அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை.

*

எங்கள் கிட்டில் இதைச் சரிசெய்ய முயன்றேன். 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட சில கமிட்களைப் பிளேம் கணக்கில் எடுக்காதே என்று ஒரு பட்டியல் கொடுக்க வழி இருக்கிறது. என் சுத்தப்படுத்தும் கமிட்களை அந்தப் பட்டியலில் போட்டுவிட்டால் எல்லாருடைய திரையிலும் அண்ணன் பெயர் திரும்பிவிடும் என்று நினைத்தேன்.

முடியவில்லை. சுத்தம் மட்டும் செய்த கமிட் என்று என்னிடம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றிலும் நான் உண்மையாகச் செய்த இரண்டு வரி வேலையும், தெரியாமல் என் பெயருக்கு மாற்றிக்கொண்ட நாற்பது வரியும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கமிட்டை முழுசாக ஒதுக்கினால் அந்த இரண்டு வரியும் என்னுடையது இல்லை என்றாகிவிடும், அதுவும் பொய். டபிள்யூ போட்டுப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் சரியான கணக்கு தெரியும்.

ஆகவே இரண்டு காரியம் மட்டும் செய்தேன். மாட்யூலின் விளக்க ஃபைலில் மேலே ஒரு வரி சேர்த்தேன்: இதை வடிவமைத்து எழுதியவர் இன்னார், இந்த வருஷம் முதல் இந்த வருஷம் வரை. வரி 217ல் நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டு, நானே உருவாக்கும் ஃபைல்கள் இருக்கும் ஒரு ஃபோல்டரின் பெயரைப் போட்டேன். அதற்கு மேலே, 430 வரியில் முதல் தடவையாக, ஏன் என்று ஒரு குறிப்பும் எழுதினேன்.

விளக்க ஃபைலின் மாற்றம் ரிவ்யூவுக்குப் போனது. ஆறு மாசம் முன்னால் சேர்ந்த தம்பி ஒருத்தன் பார்த்தான். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "அண்ணா, இவரு யாரு? சிஸ்டத்துல தேடுனா ஆளே இல்லையே" என்றான்.

"டீ குடிக்கப் போலாம் வா" என்றேன். "கொஞ்சம் பெரிய கதை. எனக்கு நல்ல பேர் வராது."